நான் ராவிய இரண்டு ரூபாய்

என் மச்சான் ஏகாம்பரத்துக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் எழுதுவது. முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு. நடுவில் எழுந்து போய்விடாதே.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் ஒரு வரி எழுதத் தோன்றாதவன் இப்போது பேனாவை எடுத்திருக்கிறான் என்றால், மாமா எதிலோ மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று உனக்குத் தெரிந்துவிடும். மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் ஊர்ச் சங்கதி கொஞ்சம் சொல்கிறேன். உனக்கு எப்போதும் அதுதான் முதலில் வேண்டும்.

உன் மகள் பிளஸ் டூ முடித்து, மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். முதல் நாள் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் டிக்கெட்டுக்குச் சில்லறையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். இந்த பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னதும் வெட்கமாகப் போய்விட்டதாம். கண்டக்டர் மகள் வேறு என்ன செய்வாள்? உன் மனைவி தேவகி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

இரண்டு ரூபாயை மாற்றிவிட்டார்கள். நம் நாட்டு மேப் போட்ட அந்தப் பதினோரு மூலைக் காசு கையில் வருவது குறைந்துகொண்டே போகிறது. புதிதாக வந்திருப்பது வட்டக் காசு. ஒரு கை, அதில் இரண்டு விரல், அவ்வளவுதான் படம். ஒரு ரூபாய் எது இரண்டு ரூபாய் எது என்று தெரியாமல் உன் பஸ்ஸில் தினமும் தகராறு நடக்கிறது. நீ இருந்தால் பார்க்காமலே தடவிப் பிரித்திருப்பாய்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. அன்வர் பாயின் கடிகாரக் கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறதே நம் நாணயச் சங்கம், அது இந்த வருஷம் ஒரு மலர் போடுகிறது. அதில் இதை அச்சடிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சங்கத்தில் இருப்பவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் எல்லாரும் படிக்கட்டும். உன்னைப் பார்த்திராதவர்களும் இப்போது இரண்டு மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஏகாம்பரம் என் மனைவி மரகதத்தின் தம்பி. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். ஒல்லியான ஆள், உரத்த குரல். அவன் சேர்த்தது ராஜாக்கள் காலத்துக் காசு இல்லை, வெள்ளைக்காரன் காசும் இல்லை. நம் சட்டைப் பையில் கிடக்கிற சாதாரணக் காசுதான். அதில் அச்சு கெட்டுப்போய்த் தப்பாக விழுந்ததை மட்டும் பொறுக்குவான். கண்டக்டர் பையில் அப்படி ஒன்று விழுந்தால் தன் சொந்தக் காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். ஒரு நாளும் இதில் கணக்குப் பிசகியதில்லை.

கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் இவன் காசைக் கண்ணால் பார்க்க நேரம் ஏது? கட்டைவிரல் பார்க்கும். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே காசின் முகத்தை ஒரு தடவு தடவுவான். கீறல் என்றால் பள்ளமாக இருக்கும், அது வெளியே எங்கேயோ பட்ட அடி, வேண்டாம். கோடு மேடாக இருந்தால்தான் விரல் நிற்கும்.

அது ஏன் மேடாக இருக்க வேண்டும் என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு விநாயகர் சதுர்த்திக்கு நீ எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? மரகதம் அச்சில் வைத்துக் கொழுக்கட்டை செய்திருந்தாள். நீ தட்டில் இருந்த நாலையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்தாய்.

“அக்கா, உன் அச்சு விரிசல் வுட்டுகினு கீது.”

“வாயில போட்றத வுட்டுட்டு இன்னாடா ஆராய்ச்சி?” என்றாள் அவள்.

“தோ பாரு, நாலுலயும் ஒரே எடத்துல மேடா கோடு. அச்சுல பள்ளமா விரிசல் வுட்டா மாவு அதுல பூந்துக்கும். கொழுக்கட்டைல அது மேடா வரும். காசும் இதே கததான் மாமா. அச்சுல மொதல்ல மயிரு மாதிரி கோடு வுடும். அப்பால அது நீளும். அப்பால ஓரமா ஒரு துண்டே பேத்துக்கினு வுழுந்துடும். துண்டு போன எடத்துல உலோகம் பூந்துகினு காசுல திட்டாட்டம் நிக்கும். அதுல படமும் இருக்காது, எழுத்தும் இருக்காது. அந்த மாதிரி ஒண்ணு கெடைக்கணும் மாமா எனக்கு.”

மரகதம் அச்சைக் கழுவிக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தாள். விரிசல் இருந்தது. உன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு அதே அச்சில் மீதிக் கொழுக்கட்டையையும் செய்தாள்.

இப்போது என்னைப் பற்றி. கல்பாக்கம் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எனக்கு இன்ஸ்பெக்டர் வேலை. வெல்டிங் போட்ட இடத்தில் சிவப்புச் சாயம் தடவி, துடைத்துவிட்டு, மேலே வெள்ளை மாவு அடிப்போம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் கசிந்து வெள்ளையில் சிவப்புக் கோடாக வரும். விரிசல் தேடித்தான் எனக்குச் சம்பளம். இந்தக் கண்ணைத் தாண்டி எதுவும் போகாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். வீட்டில் வாளி வாங்கினால்கூட என்னிடம் காட்டிவிட்டுத்தான் மரகதம் தண்ணீர் பிடிப்பாள்.

இருபது வருஷம் இந்த வேலை பார்ப்பவனுக்கு ஒரு வியாதி வரும். தப்பான சாமான் ஒன்று வெளியே வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவனால் நம்ப முடியாது. நடுவில் நம்மைப் போல ஒருத்தன் உட்கார்ந்திருப்பானே, அவனைத் தாண்டி எப்படி வரும் என்றுதான் தோன்றும். எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது. உன் காசு கெட்டது அதனால்தான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் என்று நினைவு. ஒரு வியாழக்கிழமை, டியூட்டி முடிந்து உன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாய். கண்டக்டர் பை தோளிலேயே இருந்தது. செருப்பைக் கழற்றும்போதே உள்ளங்கையை நீட்டினாய். மேப் போட்ட இரண்டு ரூபாய். கிழக்கே கடல் இருக்க வேண்டிய இடத்தில், ஓரத்து எழுத்துகளில் மூன்றை விழுங்கிவிட்டு ஒரு திட்டு உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு மேட்டுக்கோடு கிளம்பிக் கடலைத் தாண்டிக் கரையில் ஏறியிருந்தது.

“திருக்கழுக்குன்றத்துல ஒரு கருவாட்டுக்கார அம்மா குட்த்துது மாமா. வெரலு வெச்ச ஒடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அடுத்த ஸ்டாப்பிங்ல விசில் குடுக்கவே மறந்துட்டேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடுகிறது, சென்னையிலிருந்தும் இரண்டு பேர் வருகிறார்கள், அன்வர் பாய் உனக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார் என்றாய். எழுந்து நின்று காசைப் பற்றிப் பேச வேண்டும். “டிக்கெட் டிக்கெட்னு கத்துறதத் தவுர நாலு பேர் முன்னால நான் எப்ப மாமா பேசிக்கீறேன்?” என்று கேட்டாய். அதைக் கேட்கும்போது உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நான் காசை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது ஈயம்டா. எவனோ சால்டரிங் வெச்சு வெளையாடியிருக்கான்” என்றேன்.

“இன்னா மாமா சொல்றீங்க? ஈயம் இந்தக் கலர்லயா இருக்கும்?”

“மேல பாலீஷ் பண்ணியிருப்பான். இவ்வளவு பெரிய குறையோட ஒரு காசு வெளிய வருமா? அங்க இன்ஸ்பெக்‌ஷன்னு ஒண்ணு இருக்காதா? குடு, நாளைக்கு ஒர்க்‌ஷாப்ல பார்த்துச் சொல்றேன்.”

நீ தயங்கினாய். ஒரு நிமிஷம் காசைப் பொத்திக்கொண்டு நின்றாய். அப்புறம் என் கையில் வைத்தாய், அக்கா புருஷன் கேட்கிறானே என்று.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் காசை வைஸ் இடுக்கியில் இறுக்கினேன். நசுங்காமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை கொடுத்தேன். அந்த அக்கறை மட்டும் இருந்தது. அரத்தை எடுத்துத் திட்டின் மேல் ஒரு இழுப்பு இழுத்தேன். ஈயம் மெத்தென்றிருக்கும், ராவினால் அரத்தின் பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும். பட்டறையில் வேலை பழகுகிற எவனுக்கும் முதல் வாரத்திலேயே தெரிகிற சங்கதி இது. அன்று அரம் கிறீச்சென்று வழுக்கியது. பல்லில் எதுவும் அப்பவில்லை. விழுந்த தூள் காசின் நிறத்திலேயே மின்னியது.

அந்த முதல் இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏகாம்பரம். நீ சொன்னது சரி. அது காசின் உடம்பிலேயே பிறந்த திட்டு. நிறுத்தியிருக்கலாம். ஒரு கீறலோடு உன்னிடம் திருப்பிக் கொடுத்து, நான்தான் அவசரப்பட்டேன் என்று சொல்லியிருந்தால் நீ இரண்டு நாள் முறைத்துவிட்டு மூன்றாம் நாள் சிரித்திருப்பாய். நான் ஏன் நிறுத்தவில்லை?

பத்து வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே பதில்தான் வருகிறது. எட்டாம் வகுப்போடு நின்ற கண்டக்டர் கண்டுபிடித்ததை இன்ஸ்பெக்டர் கோட்டைவிட்டான் என்று ஆகக்கூடாது. அவ்வளவுதான். திட்டு தரைமட்டம் ஆகும்வரை ராவினேன். அந்த மேட்டுக்கோட்டையும் விடவில்லை. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துக் கிழக்குக் கடல் முழுவதையும் மழமழவென்று ஆக்கினேன். கை கழுவிவிட்டுத் தயிர் சாதம் சாப்பிட்டேன்.

சாயங்காலம் நீ வாசலிலேயே காத்திருந்தாய். காசைக் கொடுத்து, “ஈயம்தான், எடுத்துட்டேன்” என்றேன். நீ முன்பக்கத்தைப் பார்த்தாய். பிறகு பின்பக்கம் திருப்பினாய், சிங்கம் இருக்கிற பக்கம். அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாய். வெளிச்சத்துக்காகத் தெருவில் இறங்கிப் போய்ப் பார்த்தாய். கட்டைவிரலால் ஓரத்தை ஒருமுறை தடவினாய். பாவம், ஏமாற்றத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் காசைத் திருப்பிக்கொண்டிருக்கிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

“சரி மாமா” என்றாய். “நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்.”

மரகதம் காபி கொண்டுவந்தாள். நீ குடித்தாய். சர்க்கரை கம்மி என்று அவளைக் கிண்டல்கூடச் செய்தாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். ஆனால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என்னையும் அழைத்துப் போனாய். அன்வர் பாய் உன் பெயரைச் சொன்னதும் எழுந்தாய். தொண்டையைச் செருமிக்கொண்டாய். நீ பேசியது இவ்வளவுதான்: “பாய், நான் சொல்லிக்கினு திரிஞ்ச காசு ஈயம் வெச்ச காசு. எங்க மாமா கண்டுபுட்ச்சாரு. அவரு பெரிய இன்ஸ்பெக்டரு. தோ பின்னால கீறாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை, சும்மா சிரித்தார்கள். “கண்டக்டருக்கே செல்லாத காசு குட்த்துட்டாங்களா?” என்று யாரோ கேட்டார்கள். நீயும் சிரித்தாய். அன்வர் பாய் என்னை முன்னால் கூப்பிட்டு, ஈயத்தை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லச் சொன்னார். உனக்கு ஒதுக்கிய பத்து நிமிஷத்தில் மிச்சம் இருந்ததை நான் எடுத்துக்கொண்டேன், மச்சான். அரம், பல், அப்புதல் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். கை தட்டினார்கள். ஒருத்தர் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு நீ சங்கத்துக்குப் போகவில்லை. கேட்டால் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி போட்டுவிட்டான் என்பாய். பொங்கலுக்கு வந்தாய், தீபாவளிக்கு வந்தாய், என் கால் உடைந்தபோது தினமும் மாமல்லபுரத்திலிருந்து இளநீர் வாங்கிவந்தாய். காசைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. உன் கட்டைவிரல் பஸ்ஸில் காசைத் தடவுவதை நிறுத்திவிட்டதா? அதைக் கவனிக்க எனக்குத் தைரியம் இல்லை. உன் பஸ் வந்தால் அடுத்த பஸ்ஸில் போவேன்.

பிறகு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி, பத்தியம் என்று ஆரம்பத்தில் நாள் கடத்திவிட்டாய். பெரியாஸ்பத்திரியில் சேர்க்கும்போது கண் முழுக்க மஞ்சள். ஒரு நாள் சாயங்காலம் பார்வை நேரத்தில் நான் மட்டும் உன் பக்கத்தில் இருந்தேன். தேவகி கஞ்சி வாங்கப் போயிருந்தாள். நீ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

“மாமா, அந்த ஈயத்த ராவுனீங்களே, அரத்துல ஒட்டிச்சா?”

ஏழு வருஷம் கழித்துக் கேட்டாய். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

“ஒட்டிச்சுடா” என்றேன்.

“அப்ப சரி மாமா” என்று கண்ணை மூடிக்கொண்டாய். ஐந்தாம் நாள் போய்விட்டாய்.

உன்னைத் தூக்கும்போது ஒரு பக்கம் என் தோள்தான். அன்றைக்கு என்னைப் பார்த்தவர்கள், மச்சான்மேல் இவ்வளவு பாசமா என்று பேசிக்கொண்டார்களாம். பாசம் இருந்தது. அது மட்டுமே காரணம் இல்லை என்று யாரிடம் சொல்வேன்?

மாட்டிக்கொண்டது எப்படி என்று இப்போது சொல்கிறேன். போன மாதம் தேவகி வீட்டைக் காலி செய்தாள். மகள் வேலைக்குப் போக வசதியாக மறைமலைநகரிலேயே வாடகைக்குப் பார்த்துவிட்டார்கள். சாமான் ஏற்றப் போனபோது ஒரு பிஸ்கட் டப்பாவை என் கையில் கொடுத்தாள். “அவரு காசுங்க அண்ணா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்” என்றாள். உங்களுக்குத்தான் தெரியும் என்று அவள் சொன்னபோது எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். பழைய பஸ் கால அட்டவணைத் தாளை வெட்டி மடித்து, ஓரத்தில் நூல் தைத்து, ஒவ்வொரு காசுக்கும் ஒரு உறை போட்டிருந்தாய். மேலே உன் கோழிக்கிறுக்கல். “மயிர்க்கோடு, சிங்கத்தின் காதில்.” “கோடு, மூன்று கிளை.” இப்படி நாற்பது உறைக்கு மேல் இருந்தன. அடியில் இருந்த உறையில் நான் ராவிய காசு. மேலே எழுதியிருந்தாய்: “இரண்டு ரூபாய். அச்சு உடைந்தது.”

ஈயம் என்று எழுதவில்லை. பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என்னிடம் கொடுப்பதற்கு முன்னாலேயே உறை தைத்து எழுதி வைத்திருப்பான், அப்புறம் அடித்துத் திருத்த மனசு வந்திருக்காது. அப்படித்தான் இருக்கும். பழக்கப்பட்ட இன்ஸ்பெக்டர் எதற்கும் ஒரு சீல் குத்திவிடுவான்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. உறையை வீட்டிலேயே வைத்துவிட்டு, காசை மட்டும் எடுத்துக்கொண்டு அன்வர் பாய் கடைக்குப் போனேன். எங்கே கிடைத்தது என்று சொல்லவில்லை. அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு முன்பக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பின்பக்கத்தைத் திருப்பினார். அங்கேயே நின்றுவிட்டார்.

“இது அச்சு ஒடஞ்ச காசுங்க. எவனோ பாவி ராவித் தொலைச்சிருக்கான்” என்றார்.

“ராவினப்புறம் அது எப்படி பாய் தெரியும்?”

“பின்னால பாருங்க. அந்தத் திட்டு இருந்த எடத்துக்கு நேர் பின்னாடி ஓரத்து எழுத்து மங்கிப் போயிருக்கு பாருங்க. அச்சுல துண்டு பேந்து பள்ளமா இருந்திச்சுன்னா உலோகம் அந்தப் பக்கம் ஓடிடும். இந்தப் பக்கம் எழுத்து விழ அழுத்தம் பத்தாது. ஈயம் வெச்ச காசுல பின்பக்கம் இப்படி ஆகாது, நல்லாவே இருக்கும். முன்னால எவ்வளவு தேய்ச்சாலும் பின்னால இருக்கிறத அழிக்க முடியாதுங்க.”

நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். “இந்தப் பரீட்சை ஏகாம்பரத்துக்குத் தெரியுமா பாய்?”

அவர் லென்ஸைக் கழற்றினார். “எனக்கே அவருதான் சொல்லிக்குடுத்தாரு. அவரு சங்கத்துக்கு வந்த புதுசுல. ஏன் கேக்குறீங்க?”

காசை வாங்கிக்கொண்டு படியிறங்கி வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. உன் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தேன்.

ஆக, உனக்குத் தெரியும். தெருவில் இறங்கி வெளிச்சத்தில் நின்றாயே, அப்போதே தெரிந்துவிட்டது. உன் மாமா பொய் சொல்கிறான் என்பதும், அந்தப் பொய்க்காக உன் காசைக் கெடுத்தான் என்பதும் தெரிந்துதான் உள்ளே வந்து காபி குடித்தாய். தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று என்னைப் பெரிய இன்ஸ்பெக்டர் என்றாய். ஏன்டா அப்படிச் செய்தாய்? அன்வர் பாயிடம் பின்பக்கத்தை நீட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்குமே. அக்கா வீட்டுக்காரன் நாலு பேர் முன்னால் தலைகுனியக்கூடாது என்றா? அல்லது, நானாகச் சொல்வேன் என்று ஏழு வருஷம் காத்திருந்தாயா? ஆஸ்பத்திரியில் நீ கேட்டது கேள்வியே இல்லை. எனக்குக் கடைசியாக ஒரு கதவைத் திறந்து வைத்தாய். நான் அதையும் அடித்துச் சாத்தினேன்.

அன்றைக்கு மதியமே மரகதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவே இல்லை. கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

“என் தம்பியப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்களே, அப்போ நீங்க எங்க இருந்தீங்க?”

“அங்கதான் இருந்தேன்.”

“அப்பால?”

“கை தட்டினாங்க. டீ குடுத்தாங்க.”

“குடிச்சீங்களா?”

நான் தலையசைத்தேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “அதே எடத்துல போய் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் என்னாண்ட பேச வாணாம்.” அடுக்களையில் அவள் அழுதது கேட்டது. போய்த் தேற்ற எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மூன்று வாரமாகச் சாப்பாடு மட்டும் வைக்கிறாள். ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு அவள் கோபம் ஆறுதலாகவே இருக்கிறது, நம்புவாயா? உன் மௌனத்தைவிட இது தாங்கக்கூடியது. நீ இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். காசை என் முகத்தில் எறிந்திருக்கலாம். ‘நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்’ என்று ஏன் சொன்னாய்? வேலைக்குப் போய்ச் சாயம் தடவும்போதெல்லாம் அது காதில் கேட்கிறது. இப்போதெல்லாம் ஒரு சாமானைச் சரி என்று எழுதுவதற்கு முன்னால் இரண்டு தடவை பார்க்கிறேன். பழகுநர்கள், சாருக்கு வயசாகிவிட்டது என்கிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடுகிறது. தேவகியையும் உன் மகளையும் வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று சொல்லவில்லை. மரகதம் வருவாளா என்று தெரியாது. வந்தால் நல்லது. அன்வர் பாயிடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்கியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அங்கே நின்று படிப்பேன். நடுவில் நிறுத்தமாட்டேன். அன்றைக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்னும் வருகிறார்கள். காசை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். நான் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளமாட்டேன். கடைசியாக உன் மகள் கையில் அது இருக்கும், டப்பாவும் அவளிடமே போய்ச் சேரும்.

உன் உறையில் நீ எழுதியது பாதிதான், மச்சான். மீதியையும் நீயே எழுதியிருக்க வேண்டும். என் மானத்துக்காக விட்டுவைத்தாய். அந்த மானம் எனக்கு வேண்டாம். உன் எழுத்துக்குக் கீழே என் கையால், அவர்கள் எல்லாரும் பார்க்க, இரண்டு வரி சேர்ப்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்:

கண்டெடுத்தவர்: ஏகாம்பரம், கண்டக்டர்.
ராவியவன்: அவருடைய மாமா.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன், நீ கடைசிவரை காட்டிக்கொடுக்காத உன் மாமா,
தட்சிணாமூர்த்தி